எங்கே இறங்க வேண்டும்?

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள கட்டடங்களின் உயரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் அந்நகரை முழுவதும் அமர்ந்தபடியே பார்த்தவன். ஆகையால் இக்கட்டுரையில் வாசற்படிகளும் நடைபாதை விளிம்புகளும் பேருந்துக் கதவுகளுமே மிகுதியாக வரும். மாடிகளைக் காண விரும்புவோர் பொறுத்தருள வேண்டும்.

குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இரு கால்களையும் எடுத்துக்கொண்டது. ஆரணியில் எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்க இயலாதவனுக்குத் தறியில் வேலை இல்லை. எனவே சேலைக்கு வேண்டிய பூக்களைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதன்படி தறியின் மேலே தொங்கும் அட்டைகளில் துளை குத்திக் கொடுக்கும் தொழிலைக் கற்றேன். பள்ளிக்கூடம் சென்றதில்லை. எழுத்தும் இலக்கணமும் நானாகத் தேடிக்கொண்டவை.

மணம் செய்துகொள்ளவில்லை. தங்கை தனலட்சுமியின் வீட்டில், அவள் கணவர் சண்முகத்தோடு ஒன்றாக வாழ்ந்து வருகிறேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று உண்டு. அதில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் சண்முகம் இருக்கிறார். அவர் இல்லையேல் எதிர்வீட்டார் இருக்கிறார்கள். தேர், திருமணம், தேர்தல் என எதற்கும் என்னை வீட்டில் விட்டுவிட்டு எங்கள் தெருவார் போனதில்லை. தேவிகாபுரம் மலைக்கோயிலுக்குக்கூட நாற்காலியோடு தூக்கிச் சென்றிருக்கிறார்கள். இதை நான் பெருமையோடு சொல்லிவந்தவன்.

கைப்பேசி ஆரணிக்குள் வந்து எல்லோருடைய சட்டைப் பையிலும் ஏறிவிட்ட காலத்தில் இப்பயணம் நேர்ந்தது. என் தம்பி குமரேசன் இளமையிலேயே சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் பட்டறையில் வேலை செய்தவன். அந்நாட்டுக் குடிமகனாகவும் ஆனவன். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அன்று முதல் அவனும் சக்கர நாற்காலியில் இருந்தான். ஆண்டுகள் சென்றும் ஊர் திரும்பவில்லை. தனியாக ஒரு வீட்டில், தானே பொங்கித் தின்றுகொண்டிருக்கிறான் என்பதை நினைத்து நினைத்துத் தனலட்சுமி உருகினாள். இறுதியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் அவனுக்கென்று ஓர் அறையே கட்டிவிட்டாள்.

"படிய இடிச்சு சரிவு போட்டாச்சு. கக்கூஸும் உள்ளயே வச்சாச்சு. நீ போய்க் கூட்டிகினு வாண்ணா," என்றாள். "நாங்க கூப்பிட்டா 'நடக்கிற உங்களுக்கு இன்னா தெரியும்'னு ஒரே வார்த்தையில வாய மூடிடறான். உன்கிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? நீ இங்க ராஜா மாதிரி இல்லியா? உன்னப் பாத்தாலே கெளம்பிடுவான்."

"மச்சான், போறப்ப நடக்காத காலு ரெண்டு, வரப்ப நாலு. ஏர்போர்ட்காரன் பேஜாராயிடுவான்," என்றார் சண்முகம். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். இவ்வாறாக, ஆரணியில் இந்நிலையிலும் நன்றாக வாழலாம் என்பதற்கு ஒரு சான்றாக நான் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டேன்.

விமான நிலையத்துக்குக் குமரேசன் தனியாக வந்திருந்தான். தலை நரைத்திருந்தது, தோள்கள் அகன்றிருந்தன. மோட்டாரில் ஓடும் நாற்காலியில் அமர்ந்து, மடியில் ஒரு மடக்குச் சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டு வந்தான். அது எனக்காகப் பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கியதாம். விமான நிலைய ஊழியர் என்னை அதில் மாற்றி அமர்த்தியதும் தழுவிக்கொள்ள முயன்றோம். இரு நாற்காலிகளின் முன்சக்கரங்களும் மோதிக்கொண்டனவே அன்றி நாங்கள் எட்டவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

"தள்ள ஆள் எங்கடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கை இருக்குதில்ல? ஆரணில அந்த வண்டிய சுத்திச் சுத்தி உன் கை என் தொடை மாதிரி இருக்குது. தள்ளுண்ணா."

தள்ளினேன். மின்தொடர் வண்டியின் நடைமேடைக்கும் பெட்டியின் தரைக்கும் இடையே ஒரு விரல் அளவே இடைவெளி. நானே உருட்டி உள்ளே போனேன். பெட்டியிலிருந்தவர்கள் தத்தம் காலைச் சிறிது இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நான் ஏறினால் 'உஷாரு, பாத்து, தலைய புடி' என்று ஒரு கூட்டமே குரல் கொடுக்கும். இங்கே எவரும் குரல் கொடுக்காதது முதலில் எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது.

அவன் வீடு அடுக்குமாடியில் இருந்தது. முன்பு வேறொரு கட்டடத்தில் இருந்தானாம். அங்கே மின்தூக்கி அவன் மாடியில் நிற்காமல், அதற்கு மேலும் கீழும் மட்டுமே நிற்குமாம். ஒரு மாடிப் படிக்காக அந்த வீட்டையே விட்டு வந்திருக்கிறான். இவ்வீட்டில் விளக்கின் பொத்தான்கள் இடுப்பளவில் இருந்தன. அடுப்பு தாழ்வாக இருந்தது. துணி எடுக்க நுனியில் கொக்கி வைத்த கழி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி பாத்திமா, தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பொரித்த நெத்திலியும் கொண்டுவந்தார். குமரேசன் அவரை அக்கா என்று மலாய் மொழியில் அழைத்தான். அவர் என்னை உற்றுப் பார்த்து ஏதோ சொன்னார், அவன் சிரித்தான்.

"'உன் அண்ணனுக்கும் உன் மூக்குதான், ஆனா இவரு மரியாதை தெரிஞ்சவரு போல இருக்குது'ங்கறாங்க."

நெத்திலியின் காரம் எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை விடக் கடுமையாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததை அந்த அம்மையார் உறவின் உருக்கம் என்று எண்ணிக்கொண்டு, எனக்கு இன்னும் இரண்டு கரண்டி வைத்தார்.

மறுநாள் காலை குமரேசன் வேலைக்குப் புறப்பட்டான். வாடகைக் கார் கேட்டு அழைப்பவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. போகுமுன் வீட்டுச் சாவியை என் மடியில் வைத்தான். நான் குளிக்கச் சென்றேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் பதித்திருந்தார்கள். அமர ஒரு பலகை இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவன், பழக்கமில்லாத ஒரு காரியத்தைச் செய்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். ஆரணியில் நான் குளிக்கும் கதவு என்றுமே ஒருக்களித்திருக்கும். என்னைத் தூக்க ஒருவர் வர வேண்டும் அல்லவா? அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நெடுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் அவன் ஒரு செய்தி சொன்னான்: "இன்னிக்கு மதியம் எனக்கு லீவு. நீயே பஸ் ஏறி சாப்பாட்டுக் கடைக்கு வந்துடு. நான் நேரா அங்க வந்துடறேன்."

"நானா? தனியாவா?"

"வேற யாரு? சக்கர நாற்காலி படம் ஒட்டின பஸ்ஸா பாத்து கைய காட்டு. எல்லா பஸ்ஸும் ஏத்தாது." பிறகு எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

நிறுத்தத்தில் முதலில் வந்த பேருந்தில் படம் இல்லை. அடுத்ததில் இருந்தது. கையைக் காட்டினேன். பேருந்து நின்றது, ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து வந்து, நடுக்கதவருகே தரையில் மடித்திருந்த பலகையைத் தூக்கி வெளியே விரித்தார். நான் உருட்டி ஏறினேன். கறுத்த, நடுத்தர வயதுடைய அம்மனிதர் தமிழர். மலேசியாவிலிருந்து நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருபவர் என்பது பின்னர் தெரிந்தது.

"எங்க எறங்கணுங்கய்யா?" என்றார்.

"தம்பி வேலைக்குப் போயிருக்கான். தங்கச்சி ஊருல இருக்குது," என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அவங்க எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்யா. நீங்க எங்க எறங்கணும்?"

என் பதில் ஏன் அவ்வாறு வந்தது என்பதை விளக்க வேண்டும். ஆரணிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் என்னைக் கண்டதும் கேட்கும் முதற்கேள்வி, 'கூட யாரு வந்துகிறாங்க?' என்பது. மருத்துவமனையிலும் தாலுகா அலுவலகத்திலும் அதே கேள்விதான். வாழ்நாள் முழுவதும் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, எவர் வாய் திறந்தாலும் என் வாய் உறவுமுறையைச் சொல்லப் பழகிவிட்டது. எங்கே இறங்க வேண்டும் என்பதை என்னிடம் எவரும் கேட்டதில்லை. அதைக் கூட வந்தவரிடம் கேட்பார்கள். ஊர்ப் பெயரை நினைவில் வைத்திருப்பது கூட வருபவரின் பொறுப்பு. அன்று காலை குமரேசன் சொன்ன நிறுத்தத்தின் பெயரை நான் தலையாட்டிக் கேட்டேனே அன்றி, காதில் வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சாப்பாட்டுக் கடை," என்றேன்.

"சிங்கப்பூரு பூரா சாப்பாட்டுக் கடைதான்யா!"

பேருந்து நின்றுகொண்டே இருந்தது. ஒரு சீனக் கிழவி ஓட்டுநரிடம் சத்தமிட்டார். "அந்த மனிதருக்குப் பசிக்கிறது போலிருக்கிறது, சந்தைக்குக் கொண்டுபோய் விடு" என்றாராம். ஓட்டுநர் எனக்கு மொழிபெயர்த்தார். தம்பிக்குத் தொலைபேசியில் கூப்பிடலாம் என்றும் அவரே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. "சந்தைதான், சந்தையேதான்," என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அது வேறு சந்தை. பேருந்து போன பின்பே தெரிந்தது. மீன் வாடையும் அறியாத பழங்களின் நெடியும் கலந்த ஓர் இடத்தில் தன்னந்தனியாக இருந்தேன். கூட யாரும் இல்லை. அச்சத்தில் வியர்த்தது. சிறிது நேரம் கழித்து, நடைபாதை விளிம்பு படியின்றிச் சரிவாகவே இருப்பதைக் கண்டு அதன் வழியே உருட்டத் தொடங்கினேன். ஒரு பூங்கா வந்தது. ஒரு கால்வாய் வந்தது. பாலத்தின் மேல் நின்று கால்வாயில் ஆமை நீந்துவதைப் பார்த்தேன். அதற்குமேல் போகப் பிடிக்காமல் திரும்பினேன். திரும்பியது என் விருப்பத்தால். குமரேசன் சொன்ன பெயர் அதற்குள் பாதி நினைவுக்கு வர, அதை வைத்து இரண்டு பேரிடம் வழி கேட்டு, மூன்றாமவர் காட்டிய திசையில் போய்க் குமரேசன் காத்திருந்த கடையை அடைந்தபோது, அவன் எனக்காக வாங்கி வைத்திருந்த, நுரை பொங்க இழுத்து ஆற்றிய தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

"எங்க போய்ட்ட நீ? போலீஸுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்!"

"தொலஞ்சு போய்ட்டேன்டா," என்றேன். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

மீன் குழம்பில் பரோட்டாவைத் தோய்த்துத் தின்றேன். அவ்வளவு சுவையான பரோட்டாவை ஆரணிப் பேருந்து நிலையத்திலும் தின்றிருக்கிறேன், பசிதான் வேறு. அறுபதை நெருங்கும் வயதில் முதன்முதலாக வழி தவறியவனின் பசி அது. என்னை எங்கள் தெரு எங்கும் விட்டுச் சென்றதில்லை என்று மேலே எழுதினேன். அது உண்மை. ஆயினும் அந்த அன்பில் ஒரு குறை இருந்தது. அது எங்கே போயிற்றோ அங்கேதான் நானும் போனேன். கோயிலுக்கென்றால் கோயில், வேண்டாம் என்றாலும் கோயில். அன்று தட்டில் மீதியிருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தபோது, என்னைத் தூக்கிச் சென்ற கைகளையெல்லாம் பழிப்பது போலிருந்தது. மனம் பொறுக்கவில்லை.

நிற்க. அந்நகரைச் சொர்க்கம் என்று நான் எழுதுவதாக எண்ண வேண்டா. மறுநாளே பெருமழை பிடித்தது. நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பும்போது கட்டடத்தின் மின்தூக்கி பழுதாகி, அதன் முன் ஒரு பலகை நின்றது. தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில், சாரல் முகத்தில் அடிக்க, அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் அலுவலக நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்று வாடகைக் காருக்குக் கைகாட்டினான். வந்த கார் எங்கள் நாற்காலிகளைக் கண்டதும் வேகமெடுத்தது.

"பேமானி," என்றான் ஆரணித் தமிழில். "தினம் இவங்களுக்குத்தான் நான் சவாரி புடிச்சுக் குடுக்கறேன்."

அப்போது ஒதுங்க வந்த பாத்திமா, ஈரக் குடையை உதறியபடி, என்னிடம் நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். குமரேசன் மொழிபெயர்க்க மறுத்தான். நான் வற்புறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு துண்டு துண்டாகச் சொன்னான். "ஒரு தரம் குளிக்கற ரூம்ல விழுந்துட்டேன். காலைல விழுந்தவன். சுவத்த தட்டிகினே இருந்தேன். அவங்க வேல முடிஞ்சு வந்தப்புறம்தான் கேட்டுது. அதத்தான் சொல்றாங்க. 'உன் தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ங்கறாங்க."

அந்த அம்மையார் தலையை ஆட்டினார். எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. நான் வந்த காரியம் முடிந்துவிட்டதென்றே எண்ணினேன்.

"அன்னிக்கு ஊர நெனச்சியா?" என்று கேட்டேன்.

"நெனைக்காமயா? அந்த ஈரத்தரைக் குளிர்ல தனம் பேர சொல்லிக் கூப்பிட்டேன்னா பாத்துக்கோ." மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "விழுந்தா தூக்க அங்க ஆளிருக்குது. எழுந்து போறதுக்கு இங்க வழியிருக்குது. ரெண்டையும் ஒரே ஊர்ல வைக்கல பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போனோம். மீன் பிடிப்பவர்களுக்கென்று தண்ணீர் வரை பலகைப் பாதை போட்டிருந்தார்கள். பாதையின் முனையில் இரு நாற்காலிகளையும் ஒட்டினாற்போல் நிறுத்திக்கொண்டோம். தனலட்சுமி கட்டிய அறையைப் பற்றிச் சொன்னேன். சரிவைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டு வேளையில் அவள் குரலைக் கேட்கலாம் என்றேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு ஒரே ஒரு வினா தொடுத்தான்.

"ஆரணில நீ தனியா எங்க போயிருக்கண்ணா? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

நான் சொல்ல முற்பட்டேன். பட்டு வியாபாரி கடைக்கு என்றேன். ஏற்றிவிடச் சண்முகம் வந்தது நினைவுக்கு வந்தது. சேத்துப்பட்டுக்கு என்றேன், பேருந்தில் தூக்கிப்போட்ட இருவரின் பெயரும் நாவில் வந்தது. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குப் பின்னும் ஓர் ஆள் பெயர் நின்றது.

அவன் சிரித்தான். "என்னையே எடுத்துக்கோ. சின்ன வயசுல உன் வண்டிய தள்ளினது நான்தான? என்னைக்காவது 'எங்க போலாம்'னு உன்ன கேட்டிருப்பனா? நான் படம் பாக்கணும்னா நீயும் படம் பாத்த. நான் டீக்கடைல நின்னா நீயும் நின்ன. ஒரு தரம் ஏதோ பொண்ணப் பாக்க உன்ன தள்ளிகினே தெருத் தெருவா போயிருக்கேன்."

"அது எனக்கும் தெரியும்டா. நானும் பாத்தேன்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, சத்தம் வேண்டாம் என்று விரலைக் காட்டினார். சிரிப்பு அடங்கியதும் குமரேசன் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினான்.

"நான் வந்துட்டா இந்த வீட்ட கவர்மெண்டுக்குத் திருப்பிக் குடுக்கணும். மறுபடி கெடைக்காது. வேலையும் போயிடும். திரும்ப வர முடியாது, அத நல்லா நெனச்சிக்கோ. ஆனா நீ பெரியவன். நீ 'வா'ன்னு சொல்லு, நான் வந்துடறேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

முடிவு என் வாய்க்கு வந்துவிட்டது. அந்தக் கணமே 'வா' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கே அனுப்பப்பட்டவன் நான். "நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

அன்று மாலையே தனலட்சுமி தொலைபேசியில் அழைத்தாள். "டிக்கெட் போட்டாச்சாண்ணா? ரூமுக்கு இன்னா கலர் அடிக்கலாம்னு அவன கேளு. சின்ன வயசுல அவனுக்குப் பச்சைன்னா புடிக்கும். ஜல்தி கேட்டுச் சொல்லு, பெயிண்டர் வந்து குந்திகினு இருக்கான்."

குமரேசன் தொலைபேசியை வாங்கி, "பச்சையே அடி," என்றான். அவன் முகத்தில் அப்போது இருந்ததை மகிழ்ச்சி என்றும் சொல்லலாம். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் கீழே இறங்கினேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முடி வெட்டும் கடை ஒன்று இருந்தது; வாசலில் படி இல்லை. உள்ளே போனேன். ஆரணியில் எனக்கு முடி வெட்டுபவர் வீட்டுக்கு வருவார். எப்படி வெட்டுவது என்பதைத் தனலட்சுமியிடம் கேட்டுக்கொள்வார். இங்கிருந்த சீனக் கிழவர் என் தலைக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, கத்தரிக்கோலை உயர்த்தி, புருவத்தால் கேட்டார். நான் விரலால் காட்டினேன். அவர் சிறிது எடுத்தார், மறுபடி கேட்டார். இன்னும் என்றேன். அவர் கேட்கக் கேட்க நான் இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே போனதில் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது. அந்தக் கோலத்தோடு வீடு திரும்பி, சாவியால் கதவைத் திறந்து, தம்பி வரும்வரை சன்னலருகே இருந்தேன். கீழே பேருந்துகள் வந்து நின்று போய்க்கொண்டிருந்தன.

அவன் வந்தான். என் தலையைக் கண்டு, "ஐயையோ, இன்னாண்ணா இது, திருப்பதிக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கைகொட்டிச் சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பின்பு சொன்னேன்:

"தனம் கட்டின ரூம் நல்லாத்தான் இருக்குது. சரிவும் நல்லா போட்டிருக்கா. ஆனா அது வாசல் வரைக்கும்தான் வரும். தெருவ அவளால கட்ட முடியாது. நீ வர வேணாம், குமரேசா."

அவன் மகிழ்வான் என்றும், என் கையைப் பற்றிக்கொள்வான் என்றும் எதிர்பார்த்தேன். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பிறகு முதுகைக் காட்டியபடியே, விளையாட்டுப் போலச் சொன்னான்:

"அப்ப என்னை வேணாம்னுட்ட."

"டேய், அப்படி இல்லடா."

"தெரியுதுண்ணா. சும்மா சொன்னேன்." குழாயை மூடினான். "ஆனா ஒரு தரமாவது நீ 'வா'ன்னு சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா, வந்திருப்பனோ, இல்ல 'மாட்டேன்'னு உங்கிட்ட சண்ட போட்டிருப்பனோ, தெரியல. சண்டையாவது போட்டிருக்கலாம்."

அன்று ரசம் வைத்தான். உப்பு கூடியிருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை. மீதமிருந்த நாட்களில் அவன் என்னை எங்கெங்கோ அழைத்துப் போனான். எல்லா இடங்களிலும் எங்கே இறங்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் நானே சொன்னேன். பெயர்களைத் தவறில்லாமல் சொன்னேன். அதை எண்ணி மகிழ வேண்டிய நேரத்தில், பின்னால் வரும் நாற்காலியின் மோட்டார் ஒலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவனால் வர இயலாது. கையை உயர்த்தினான். உடனே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, கூட்டத்தில் எவரையும் எதிர்பாராமல், தன் வழியே போய்விட்டான்.

ஆரணியில் கார் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. நான்கு கைகள் என்னைத் தூக்கி இறக்கின. தனலட்சுமி காருக்குள் குனிந்து பின்னிருக்கையைப் பார்த்தாள், முன்னிருக்கையையும் பார்த்தாள். தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். நேரில் சொல்வதே முறை என்று கருதியிருந்தேன்.

"எங்கண்ணா அவன்?"

"வரல தனம்."

"வரமாட்டேன்னுட்டானா?"

"அவன் வரேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

சண்முகம் என்னை வாசலில் நாற்காலியில் அமர்த்திவிட்டு, பெட்டியை எடுக்கப் போனார். கூடியிருந்தவர்கள் மெல்லக் கலைந்தார்கள். பேருந்துகளைப் பற்றிச் சொன்னேன். பலகையைப் பற்றி, தாழ்ப்பாளைப் பற்றி, வழி தவறியதைப் பற்றிச் சொன்னேன். எங்களூரில் அவன் எப்படி இருக்க நேரிடும் என்பதை, என் வாழ்வை எடுத்துக்காட்டியே சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கியது. அது அவள் கண்களில் தெரிந்தது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"உன்ன அனுப்பினதுதாண்ணா தப்பு. நடக்கிறவன யாரையாவது அனுப்பியிருக்கணும். அவன் இது ஒண்ணத்தையும் பாத்திருக்க மாட்டான். என் தம்பிய கூட்டிகினு வந்திருப்பான்."

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. அன்றும் அது எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போதும் தெரிகிறது.